எண்பத்து நாலு பாயிண்ட் ஆம்பளை

உக்காருங்க அண்ணாச்சி, இடம் இருக்கு. பைய மேல வைக்காதீங்க, இந்த வண்டி வளைவுல ஆடுத ஆட்டத்துக்கு யாரு தலையிலயாவது விழுந்துரும். காலுக்கு இடையில வச்சுக்கிடுங்க. மதுரைக்கா? நானும் மதுரைக்குத்தான். சங்கரன்கோவில்ல ஏறுனேன். ராஜபாளையம் வரைக்கும் பக்கத்துல ஒரு ஆளு இருந்தாரு, பேசவே மாட்டேன்னுட்டாரு. போன காதுல வச்சுக்கிட்டு வராத போனுக்கெல்லாம் ஹலோ சொல்லிக்கிட்டே இறங்கிப் போயிட்டாரு.

டிரைவரப் பாத்தீங்களா? கிளட்ச் மேல வச்ச கால எடுக்கவே மாட்டேங்கான். இப்படி ஓட்டுனா பிளேட் ஆறு மாசம் தாங்காது. எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கீங்களா? நாயகம் டிரைவிங் ஸ்கூல், கேள்விப்பட்டிருப்பீங்க. இல்லையா? பரவாயில்ல. கோமதிநாயகம், நாந்தான். இருபத்தாறு வருசமா எங்க சுத்துவட்டாரத்துல ஸ்டீரிங் பிடிக்கவன்ல முக்கால்வாசிப் பேரு என் கையில அடி வாங்குனவன். அப்பேர்ப்பட்ட ஆளு பஸ்ஸுல போறானேன்னு தோணும். டாக்டர் வண்டி ஓட்டக் கூடாதுன்னுட்டாவ. ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன்.

என்ன சீக்குன்னு நீங்க கேக்க மாட்டீங்க, மரியாதைக்காரரு. நானே சொல்லுதேன். எனக்கு ஆம்பளைச் சத்து குறைஞ்சுபோச்சு.

ஏன் அண்ணாச்சி முன் சீட்டப் பாக்கீங்க? கேட்டா கேட்டுட்டுப் போறாவ. இது ஒண்ணும் அசிங்கமான சமாச்சாரம் இல்ல, சயின்ஸ். டெஸ்டோஸ்டிரோன்னு பேரு. ரத்தத்துல எடுத்துப் பாப்பாவ. முன்னூறுக்கு மேல இருக்கணும். நல்ல ஆம்பளைக்கு ஐந்நூறு அறுநூறு இருக்கும். எனக்கு எண்பத்து நாலு. எண்பத்து நாலு பாயிண்ட் அண்ணாச்சி! எங்க ஆபீஸ் முன்னால கட்டுன கன்னுக்குட்டிக்குக் கூட அதுக்கு மேல இருக்கும்.

மூணு வருசம் முந்தி ஆரம்பிச்சது. ஆரம்பிச்சதுன்னு இப்ப சொல்லுதேன், அப்ப ஒண்ணும் தெரியல. மத்தியானம் சாப்பிட்டா நாற்காலியிலயே தூக்கம். மாடிப்படி பன்னெண்டு ஏறுனா மூச்சு வாங்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் சவரம் பண்ணுதவன், பத்து நாளைக்கு ஒருக்க பண்ணுனாப் போதும்னு ஆச்சு. எனக்கு சந்தோசம், ஒரு வேல மிச்சம்னு. வயிறு முன்னால வந்துச்சு. நெஞ்சும்... நெஞ்சும் கொஞ்சம் முன்னால வந்துச்சு. உள்ள கெட்டியா பனியன் போடாம வெளிய வாரதில்ல. ஃபேனுக்குக் கீழ உக்காந்திருக்கும்போதே குப்புன்னு வேர்க்கும். கோவம் வேற. எதுக்கெடுத்தாலும் கோவம்.

அப்புறம் அந்த விசயம். அதான் அண்ணாச்சி, அதேதான். அது சுத்தமா இல்ல. இல்லையேன்னு ஒரு கவலையும் இல்ல, அதான் அதிசயம். டிவில நியூஸ் பாப்பேன், படுப்பேன், குறட்டை.

எங்க வீட்டுல பேரு சங்கரவடிவு. ஒரே மக, கோயம்புத்தூர்ல ஹாஸ்டல்ல படிக்கா. வீட்டுல நாங்க ரெண்டே பேரு. ஒருநாள் சாயந்திரம் பக்கத்துல வந்து உக்காந்து மெதுவா சொல்லுதா, "இங்கேருங்க, முன்ன மாதிரி இல்ல நீங்க. ஒரு டாக்டரப் பாத்தா என்ன?"

எனக்கு வந்துச்சு பாருங்க. "யாரு, நானா? போய்க் கண்ணாடியில உன் மூஞ்சியப் பாருட்டி. பாத்தா ஆச வருத மூஞ்சியா அது?"ன்னு கேட்டேன். ஞாயமான கேள்விதான? அவ எந்திரிச்சுப் போய் கிரைண்டரப் போட்டுட்டா. மாவு ஆட்டுத நாளே இல்ல அது. அந்தச் சத்தத்துல நல்லவேள ஒண்ணும் காதுல விழல.

ஆனா பாருங்க, அவ சொன்னது உள்ள அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. அவகிட்டச் சொல்லாம தென்காசிக்குப் போனேன். மாசத்துல ஒருநாள் ஒரு வைத்தியர் லாட்ஜுக்கு வருவாரு, ரூம் நம்பர் ஆறு. வெளிய வராந்தாவுல பதினஞ்சு பேரு உக்காந்திருக்கோம், ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்கல. எல்லாரும் மேல ஓடாத ஃபேனப் பாக்கோம். ஒருத்தரு தலையில துண்டப் போட்டு மூடியிருந்தாரு. துண்ட எடுக்காரு, பாத்தா எனக்கு ஒன்பதாப்பு வரலாறு எடுத்த சார். "வணக்கம் சார்"னேன். "நான் பல்லுவலிக்கு வந்தேன்"ன்னாரு.

வைத்தியர் கையப் பிடிச்சு நாடி பாத்தாரு. கண்ண மூடிக்கிட்டே, "சின்ன வயசுல தப்புப் பண்ணிட்டீங்க"ன்னாரு.

"எந்தத் தப்புங்கய்யா?"

"எல்லாரும் பண்ணுத தப்பு."

"எல்லாரும் பண்ணிருந்தா எல்லாருக்கும்லா வந்திருக்கணும்?"

"அதான் வெளிய பதினஞ்சு பேரு உக்காந்திருக்காவள்லா"ன்னாரு. அதுக்கு மேல என்ன கேக்க? ஒரு டப்பா லேகியம். காலையில ஒரு உருண்டை, ராத்திரி ஒரு உருண்டை, கூட நெய்யும் பாலும். நாலு மாசம் ஒழுங்கா தின்னேன். எட்டு கிலோ ஏறுனேன். வேற ஒண்ணும் ஏறல. இப்ப மதுரையில என்னைப் பாக்குத டாக்டரம்மா சொல்லுதாவ, உடம்பு பெருத்தாலே இந்த ஹார்மோன் இறங்குமாம், கொழுப்பு அத வேற ஹார்மோனா மாத்திருமாம். ஆக இருந்த கொஞ்சத்தையும் நெய் ஊத்திக் கரைச்சிருக்கேன்.

இதுக்கு நடுவுல ஆபீஸ் வாசப்படியில கால் தடுமாறி விழுந்தேன். ஒரே ஒரு படி அண்ணாச்சி. கை ஊனுனேன், மணிக்கட்டு முறிஞ்சுபோச்சு. கட்டு வைத்தியர்ட்ட போனா, "என்னவே, எலும்பு பொரி மாதிரி இருக்கு"ன்னு சிரிக்காரு. அப்பத்தான் எனக்குச் சந்தேகம் தட்டுச்சு. நல்லா இருந்த உடம்பு சும்மா இப்படி ஆகுமா? யாரோ என்னமோ செஞ்சிருக்காவ.

யோசிச்சேன். தீவாளிக்கு மதினி வீட்டுல இருந்து அதிரசம் வந்துச்சு. மதினின்னா எங்க வீட்டுக்காரிக்கு அக்கா, புளியங்குடியில இருக்காவ. நான் ஏழு தின்னேன். அதுலதான் மருந்து வச்சிருக்காவ! நான் அவ தங்கச்சி சொன்னபடி கேக்கணும், பெட்டிப்பாம்பா அடங்கிக் கிடக்கணும்னு வச்சது, அளவு கூடி இப்படி ஆயிருச்சுன்னு முடிவுக்கு வந்துட்டேன்.

சிரிக்கீங்களா? சிரிங்க. கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துல ஒரு அம்மா வச்ச மருந்த எடுப்பாவன்னு சொன்னாவ. போனேன். சட்டையக் கழட்டச் சொல்லி, வயித்து மேல ஒரு குழாய வச்சு, வாயால உறிஞ்சுனாவ. உறிஞ்சித் தட்டுல துப்புனா, புளியங்கொட்டை அளவுக்குக் கறுப்பா ஒரு உருண்டை! என் கண்ணால பாத்தேன் அண்ணாச்சி. அந்தம்மா வாயில முதல்லயே இருந்திருக்குமேன்னு டாக்டரம்மா கேட்டாவ. இருந்திருக்கலாம். அவங்க வாய நான் எதுக்குப் பாக்கேன்? என் வயித்தத்தான பாத்துக்கிட்டிருந்தேன்.

நேரா வீட்டுக்கு வந்தேன். "உங்க அக்கா வச்ச மருந்த எடுத்தாச்சு. உனக்கும் இதுல பங்கு உண்டா?"ன்னு கேட்டேன். இல்லைன்னா. அழுதா. அழுதா நம்பிருவமா? அடுத்த வெள்ளிக்கிழமை அம்மன் சன்னதிக்கு மதினியையும் அவ வீட்டுக்காரரையும் வரச்சொல்லி, நாலு பேரு முன்னால, "சத்தியம் பண்ணி சூடத்த அணைச்சுக் காட்டு"ன்னேன். மதினி, "நான் அணைக்கேன், என்னையத்தான சந்தேகப்படுதீங்க"ன்னு முன்னால வந்தாவ. இவ அவங்களத் தள்ளிவிட்டுட்டு எரியுத சூடத்து மேல உள்ளங்கைய வச்சா. தட்டி அணைச்சா போதும் அண்ணாச்சி. எல்லாரும் அப்படித்தான் செய்வாவ. இவ வச்ச கைய எடுக்கல. என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு அப்படியே வச்சிருந்தா. பூசாரிதான் கையப் பிடிச்சு இழுத்தாரு.

உள்ளங்கை கொஞ்சம் கொப்பளிச்சுப் பொத்துருச்சு. பெருசா ஒண்ணும் இல்ல, ஒரு பத்துநாள் இடதுகையால சமைச்சா. ருசியில ஒரு குறையும் இல்ல.

அதுக்கப்புறமும் அக்கா வீட்டுக்குப் போகக் கூடாதுன்னுட்டேன். மருந்து வச்சது மதினின்னு எனக்குத் தெரியுமே, இவ சத்தியம் இவளுக்குத்தான செல்லும்? மதினி மக கல்யாணத்துக்குக் கூட அனுப்பல. போன வைகாசியில நடந்துச்சு. அன்னைக்கு முழுக்க இவ வாசலக் கழுவிக்கிட்டே இருந்தா.

இந்தா, பிரேக் போட்டான் பாருங்க! முன்னாலயே கியரக் குறைச்சிருந்தா இப்படித் தூக்கிப் போடுமா? விடுங்க.

இதுல இன்னொரு கூத்து. எங்க ஊருல திடீர்னு சனங்களுக்கு ரோட்டுல நடக்கத் தெரியாமப் போச்சு. நான் நேராத்தான் போவேன், பக்கவாட்டுல இருந்து பொத்துன்னு முளைப்பானுவ. சைக்கிள்காரன், மாடு, தள்ளுவண்டி. எல்லாம் கடைசி நொடியில. ரெண்டு தடவ வண்டிக் கண்ணாடி உடைஞ்சுது. வீட்டுக் கேட்டுல ஒரு தூணு, கட்டி பத்து வருசம் ஆச்சு, அது புதுசா என் வழிக்கு வந்து வண்டியில கோடு இழுத்துச்சு. வீட்டுக்குள்ள கதவு நிலை தோள்ல இடிக்கும். "நிலைய எவன்டா இப்படிக் குறுக்கி வச்சான்?"னு கத்துவேன். தலைவலி வேற, நெத்தி நடுவுல, கண்ணுக்குப் பின்னால.

புரட்டாசி மாசம். ரெஜினா டீச்சர்னு ஒருத்தங்க, மேல்நிலைப் பள்ளியில கணக்கு எடுக்காவ, வண்டி பழக வந்திருந்தாவ. பொம்பளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கதுன்னா எனக்கு எப்பவும் ஒரு இது உண்டு. "டீச்சர், இது கரண்டி இல்ல, கியர் ராடு. கிண்டக் கூடாது"ம்பேன். எல்லாரும் சிரிப்பாவ. அந்தம்மா சிரிக்காது. சரி, கணக்கு டீச்சர்.

அன்னைக்குக் காலையில எட்டு மணி, ராஜபாளையம் ரோடு. அவங்க ஓட்டுதாவ, நான் இடதுபக்கம். என் காலுக்குக் கீழயும் ஒரு பிரேக்கு, ஒரு கிளட்ச் உண்டு, பழகுதவங்க தப்புப் பண்ணுனா அமுக்கதுக்கு. டிரைவிங் ஸ்கூல் வண்டிகள்ல அப்படித்தான் இருக்கும். ரோடு காலி. "ஏத்துங்க டீச்சர், எறும்பு ஊருத மாதிரி ஓட்டாதீங்க"ன்னேன். ஏத்துனாவ. திடீர்னு சடக்குன்னு பிரேக்க அமுக்கிட்டாவ. என் தலை முன்னால போய் இடிச்சுது. வண்டி நின்னுபோச்சு.

"அறிவிருக்கா உங்களுக்கு? ரோடு காலியா இருக்கு, எதுக்குப் பிரேக்கு? இதுக்குத்தான் பொம்பளைக வீட்டுல இருக்கணும்ங்கது!"

டீச்சர் ஹேண்ட் பிரேக்கப் போட்டாவ. "சார், உங்க பக்கம் திரும்பிப் பாருங்க"ன்னாவ.

திரும்புனேன். என் கதவுக்கு ஒரு சாண் தூரத்துல ஒரு பொம்பள, தலையில கீரைக்கட்டு, பயத்துல அப்படியே கல்லா நிக்கா. நிறைமாசம் அண்ணாச்சி. வயித்த ஒரு கையால பிடிச்சுக்கிட்டு நிக்கா.

சத்தியமா சொல்லுதேன், அவ அங்க இருந்ததே எனக்குத் தெரியாது. என் பக்கத்துல இருந்துதான் வந்திருக்கா. நான்தான் முதல்ல பாத்திருக்கணும். அந்தப் பொம்பள எங்கள ஒரு வார்த்தை திட்டல. கீரைக்கட்ட நேரா வச்சுக்கிட்டு, மெதுவா ரோட்டக் கடந்து போயிட்டா. திட்டிருந்தாக் கூட நல்லா இருந்திருக்கும்.

"சார், உங்களுக்கு ஓரத்துல தெரியல. ஒரு வாரமா நான் கவனிச்சுக்கிட்டு வாரேன்"ன்னாவ டீச்சர். "கணக்கெல்லாம் கிளாஸோட வச்சுக்கிடுங்க"ன்னேன் நான். அவங்க இறங்கி நேரா எங்க வீட்டுக்குப் போய் சங்கரவடிவுட்டச் சொல்லிட்டாவ.

அன்னைக்குச் சாயந்திரம் நான் டிவி பாத்துக்கிட்டிருக்கேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. இவ பின்னால சொன்னதத்தான் சொல்லுதேன். என் வலது பக்கம் தள்ளி நின்னு கரண்டிய ஆட்டிருக்கா. நான் திரும்பல. இடது பக்கம் வந்து ஆட்டிருக்கா. திரும்பல. முந்தானையப் பிடிச்சு வீசிருக்கா. அப்பவும் நான் பாட்டுக்கு நியூஸ் பாத்துக்கிட்டிருந்திருக்கேன். அப்புறம் அடுக்களைக்குப் போய் உக்காந்து அழுதிருக்கா. கை பொத்தப்ப இப்படி அழாதவ. எதுக்கு அழுதான்னு எனக்கு இன்னைக்கும் புரியல. கண்ணுதான் தெரியல, செத்தா போயிட்டேன்?

மறுநாள் மதுரை. கண்ணாஸ்பத்திரி. ஒரு மெஷினுல தாடைய வைக்கச் சொன்னாவ. நடுப்புள்ளியவே பாக்கணும், எங்க வெளிச்சம் மினுங்குனாலும் பட்டன அமுக்கணும். நான் பாக்கேன், பாக்கேன், நடுவுல நாலஞ்சு மினுங்குச்சு, அப்புறம் ஒண்ணும் வரல. "எம்மா, மெஷின் நின்னுபோச்சு"ன்னேன். "ஓடிக்கிட்டுத்தான் இருக்கு சார்"ன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. முடிச்சுத் தாளக் கொடுத்தாவ. ரெண்டு கண்ணுலயும் வெளிப்பக்கம் பாதி, கரி பூசுன மாதிரி. குதிரைக்குக் கண்ணுப் பட்டை கட்டி விடுவாவள்லா, அந்த மாதிரி ஓட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன், ஊருக்கே சொல்லிக் கொடுத்துக்கிட்டு.

அடுத்து ஸ்கேன். குழாய்க்குள்ள படுக்கப் போட்டுத் தள்ளுதாவ. உள்ள போறதுக்கு முந்தி இவ கையப் பிடிச்சு, "நீ போயிராத, இங்கனயே இரு"ன்னேன். பயத்துல இல்ல. பைய யாராவது பாத்துக்கிடணும்லா. வெளிய வந்ததும் அழுகை வந்துருச்சு. வராந்தாவுல வச்சே. அதுவும் ஹார்மோன் குறைவாலதான் இருக்கும். டாக்டர் அப்படிச் சொல்லல, நானா ஊகிச்சது.

மூளைக்கு அடியில, கண்ணுக்குப் பின்னால பட்டாணி அளவுக்கு ஒரு சுரப்பி இருக்காம். பிட்யூட்டரி. அதுல ஒரு கட்டி, நெல்லிக்காய் அளவு. புத்துநோய் இல்ல, பயப்படாதீங்கன்னுட்டாவ. அது கண்ணு நரம்பப் போட்டு அமுக்கியிருக்கு. அதனாலதான் ஓரம் தெரியல. ஹார்மோன் டாக்டர்ட்ட அனுப்பி வச்சாவ.

போனா, ஒரு சின்னப் பொண்ணு! என் மகளுக்கு நாலஞ்சு வயசுதான் கூட இருக்கும். நான் வெளிய வந்து போர்டத் திருப்பிப் படிச்சேன். சரியான ரூமுதான். உள்ள போய் உக்காந்தா, எடுத்த எடுப்புல கேக்காவ, இவ பக்கத்துல இருக்கும்போதே, "காலையில எந்திரிக்கும்போது விறைப்பு இருக்கா சார்?"

அண்ணாச்சி, இருபத்தாறு வருசம் நான் லாரிக்காரனுவளோட பழகுனவன். நான் கூசிப்போயிட்டேன். "அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு மேடம்"ன்னேன்.

"இல்லங்க," இது சங்கரவடிவு. "ரெண்டு வருசத்துக்கு மேலா ஒண்ணும் கிடையாது." ரேசன் கடையில சீனி இல்லைன்னு சொல்லுத மாதிரி சொல்லுதா!

டாக்டரம்மா எழுதிக்கிட்டாவ. சவரம், வேர்வை, தூக்கம், கை முறிஞ்சது, எல்லாத்தையும் கேட்டாவ. எல்லாத்துக்கும் இவதான் பதில் சொன்னா. தேதியோட. நான் மறந்துபோனதெல்லாம் அவகிட்ட இருக்கு. மறுநாள் காலையில வெறும் வயித்துல ரத்தம் எடுத்தாவ, காலையிலதான் அந்த ஹார்மோன் கூடுதலா இருக்குமாம். அப்பத்தான் இந்த எண்பத்து நாலு. நம்பாம இன்னொரு நாளும் எடுக்கச் சொன்னாவ. எண்பத்தொண்ணு.

"எதனால மேடம் வருது? சின்ன வயசுத் தப்பா?"ன்னு கேட்டேன். அந்தம்மாவுக்குச் சிரிப்பு வந்துருச்சு. "அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாது சார். வயசானா கொஞ்சம் குறையும். உடம்பு பெருத்தா, சுகர் இருந்தா, சரியான தூக்கம் இல்லைன்னா, குடி ஜாஸ்தியானா குறையும். விதையில அடிபட்டா, சின்னதுல கன்னம் வீங்குற அம்மைக்கட்டு வந்து அங்க இறங்கியிருந்தா குறையும். ஜிம்முக்குப் போற பசங்க ஊசி போட்டு ஊசி போட்டு சொந்தமா சுரக்கிறதையே நிறுத்திக்கிறாங்க. உங்களுக்கு இது எதுவும் முதல் காரணம் இல்ல. மேல இருந்து உத்தரவு போனாத்தான் கீழ சுரக்கும். உங்க கட்டி வேற ஒரு ஹார்மோன ஏகத்துக்குச் சுரந்து, அந்த உத்தரவ அடைச்சு வச்சிருக்கு. எலும்பு முறிஞ்சது, டெஸ்ட்ல ரத்தம் குறைவுன்னு வந்தது, சோர்வு, எல்லாம் அதனாலதான்."

"அது என்ன ஹார்மோன் மேடம்?"

"புரோலாக்டின். பிள்ளை பெத்தவங்களுக்குப் பால் சுரக்க வைக்கிறது. ஆம்பளைங்களுக்குப் பதினஞ்சு, இருபதுதான் இருக்கணும். உங்களுக்கு மூவாயிரத்துக்கு மேல இருக்கு."

நான் சங்கரவடிவப் பாக்கல. அவ சிரிக்கல, அதுவரைக்கும் நல்லது. ஆனா புடவைத் தலைப்ப வாயில வச்சு இருமுனா. ரொம்ப நேரம் இருமுனா.

"அப்ப இந்த எண்பத்து நால ஏத்த ஒரு ஊசி போட்டு விடுங்க மேடம், நல்ல பவரா"ன்னேன். முடியாதுன்னுட்டாவ. "முதல்ல கட்டி சுருங்கட்டும், கண்ணு திரும்பட்டும். அதுவா ஏறுதான்னு பாப்போம். ஏறலைன்னா அப்புறம் ஊசி." ஆபரேசனும் வேண்டாம், மாத்திரையிலயே சுருங்கும்னாவ. எம்புட்டு மாத்திரைன்னு நினைக்கீங்க? வாரத்துக்கு ரெண்டு நாள், அரை அரை மாத்திரை. ஒரு நெல்லிக்காயையும் ஒரு ஆம்பளையையும் சரிபண்ண அரை மாத்திரை! லேகியம் ஒரு டப்பா தின்னவன் நான். எனக்கு முதல்ல மரியாதையே வரல.

ஆனா கேட்டுச்சு. ஆறு வாரத்துல ஓரம் தெரிய ஆரம்பிச்சது. சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன், இடதுபக்கம் என்னமோ ஆடுச்சு, திரும்பிப் பாத்தா இவ நிக்கா. கையில கரண்டி. தினமும் அப்படி நின்னு ஆட்டிப் பாத்துக்கிட்டே இருந்திருக்கா. "தெரியுதா?"ன்னா. "தெரியுது, கொழம்ப ஊத்து"ன்னேன். இப்ப எட்டு மாசம் ஆச்சு. போன தடவ ரத்தத்துல இருநூத்து எழுபது. சவரம் வாரத்துக்கு ரெண்டு. நடக்கச் சொன்னாவ, நடக்கேன். அஞ்சு கிலோ இறங்கிட்டேன்.

ஸ்கூலா? நடக்குது. நான் வண்டியத் தொடக் கூடாதுன்னதும், பாவம் வீட்டுல சும்மா இருக்காளேன்னு இவள ஆபீஸ்ல உக்காரச் சொன்னேன். ஒரு பொம்பள இன்ஸ்ட்ரக்டரப் போட்டா. பொம்பளைகளா வந்து சேருதாவ. முன்ன மாசத்துக்கு எட்டுப் பேரு, இப்ப முப்பதுக்குக் குறையாது. எல்லாம் இருபத்தாறு வருசம் நான் எடுத்து வச்ச பேருதான. இவளும் அந்த இன்ஸ்ட்ரக்டர்ட்ட பழகி லைசென்ஸ் எடுத்துட்டா. இருபத்திரண்டு வருசமா கூட இருக்கா, நான் ஒருநாளும் சொல்லிக் கொடுத்ததில்ல, எதுக்குன்னுதான். எடுத்த மறுநாளே காரெடுத்துக்கிட்டுப் புளியங்குடிக்கு அக்கா வீட்டுக்குப் போயிட்டா. என்னைய வாங்கன்னு கூப்பிடல. நானும் போகல. மூணு நாள் கழிச்சு வந்தா.

அங்கதான் அண்ணாச்சி பிரச்சினை. வந்ததுல இருந்து தேவைக்கு மட்டும்தான் பேச்சு. சோறு போடுதா, மாத்திரை எடுத்து வைக்கா, ஆனா முகம் கொடுக்க மாட்டேங்கா. "எங்க அக்கா வீட்டுல போய் ஒரு மன்னிப்புக் கேளுங்க, எங்கிட்டக் கேக்கலன்னாலும் பரவாயில்ல"ங்கா. எதுக்கு மன்னிப்பு? நீங்களே சொல்லுங்க. கோவமா பேசுனது, சந்தேகப்பட்டது, சூடம் அணைக்கச் சொன்னது, கல்யாணத்துக்கு அனுப்பாதது, எல்லாம் யாரு? நானா? உள்ள ஒரு கட்டி இருந்திருக்கு. ஸ்கேன்ல தெரியுது. படம் இருக்கு, இந்தப் பையில வச்சிருக்கேன், காட்டவா? சீக்குல பேசுனத யாராவது கணக்குல வைப்பாவளா?

இதத்தான் முந்தாநாள் அவகிட்டப் பக்குவமா சொன்னேன். "பாருட்டி, அது நான் பேசல. அந்தக் கட்டிதான் பேசுச்சு."

அவ துணி மடிச்சுக்கிட்டு இருந்தா. என் சட்டைய மடிச்சு முடிச்சு, அடுக்கி வச்சுட்டு நிதானமா கேக்கா. "சரிங்க. அது மூணு வருசமா பேசுச்சு. அதுக்கு முந்தி பத்தொம்பது வருசம் பேசுனது யாரு?"

ரெண்டு நாளா யோசிக்கேன்.

நேத்து மத்தியானம்தான் ஒண்ணு தோணுச்சு. கட்டி எப்ப ஆரம்பிச்சதுன்னு டாக்டரம்மா கரெக்ட்டா சொல்லலையே! "நாலஞ்சு வருசமா இருக்கலாம், இந்த வகை மெதுவா வளரும், உறுதியா சொல்ல முடியாது"ன்னுதான சொன்னாவ? உறுதியா சொல்ல முடியாதுன்னா அதுக்கு முந்தியும் இருந்திருக்கலாம்லா? கல்யாணத்தப்பவே கடுகு அளவுல இருந்திருக்கலாம்லா? அதுக்குத்தான் இன்னைக்குப் போறேன். ரிவியூ அடுத்த வாரம்தான். இவளுக்குத் தெரியாது.

கேட்டு ஒரு லெட்டர் வாங்கணும், ஆஸ்பத்திரி சீலோட. கட்டி இருந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல வேண்டாம். இருபத்திரண்டு வருசமா இருந்திருக்க வாய்ப்பு இருக்குன்னு எழுதுனாப் போதும். எழுதித் தருவாவளா? தந்தா அவங்களுக்கு என்ன குறைஞ்சிரும்? பத்தொம்பது வருசத்தையும் நானே பேசுனேன்னு போய் எப்படி அண்ணாச்சி ஒத்துக்கிட முடியும்?